ஸ்பூலேயின் உலகப் புகழ்பெற்ற கதவு

மரியதாஸின் மகள் லூசியா கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை விழாவுக்கு வீடியோ இல்லை. சுவிஸில் எம்மன்புரூக்கேயிலிருந்து ஓல்டன் வரை எங்கள் ஆட்கள் நடத்திய கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றையும் எடுத்தவன் நான். மாப்பிள்ளை பிந்தி வந்த கலியாணத்தையும் எடுத்திருக்கிறேன், கேக் கீழே விழுந்த பிறந்தநாளையும் எடுத்திருக்கிறேன். வீடியோ இல்லாமல் ஒரு விழா நடந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. வீடியோ இல்லையென்றால் விழாவே நடக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஆட்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். சொல்லவும் தொடங்கிவிட்டார்கள். ஆகவே எழுதிவைக்கிறேன்.

எம்மன்புரூக்கேயில் ஆற்றோரமாக ஒரு நூல் ஆலை இருந்தது. மன்னாரிலிருந்து அகதியாக வந்த மரியதாஸுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வேலை அங்கேதான். ஆலைக்கு முன்பக்கம் பித்தளைக் கைபிடி போட்ட பெரிய கதவு ஒன்று உண்டு. அதால் முதலாளிமாரும் அவர்களைப் பார்க்க வருகிற கனவான்களும் போவார்கள். வேலையாட்களுக்குப் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், சாமான் இறக்குகிற வாசல். மரியதாஸ் அங்கே வேலை செய்த காலம் முழுவதும் பித்தளைக் கைபிடியைப் பிடித்து உள்ளே போனதில்லை. ஒருமுறை துடைக்கச் சொன்னார்கள். அப்போதும் வெளியே நின்றுதான் துடைத்தார்.

ஆலையை மூடினார்கள். கொஞ்சக் காலம் புறாக்கள் குடியிருந்தன. பிறகு ரேத்தோ என்று ஒரு பெடியன், குழாய் பொருத்துகிறவரின் மகன், நாலு ஒலிபெருக்கிகளோடு வந்து சனிக்கிழமைகளில் ஆட்டம் நடத்தத் தொடங்கினான். இடத்துக்கு ஸ்பூலே என்று பெயர் வைத்தான். நூல் சுற்றுகிற கட்டைக்கு இவர்கள் மொழியில் அதுதான் பெயர். பாட்டென்றால் பாட்டு இல்லை, சொல் இல்லை, ஒரே அடி. எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கிற மெஷினும் கடைசிச் சுற்றில் அப்படித்தான் அடிக்கும், அதைக் கேட்க ஒருவரும் சூரிச்சிலிருந்து ரயிலேறி வருவதில்லை. ஸ்பூலேக்கு வந்தார்கள். சூரிச்சிலிருந்து வந்தார்கள், மிலானிலிருந்து வந்தார்கள், இங்கிலாந்திலிருந்தும் வந்து மழையில் நின்றார்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் மண்டபம் சும்மா கிடக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட கிழவர் குஸ்டர் அதை எங்களுக்கு விழா நடத்தக் கொடுப்பார். நல்ல மனிதர். கோயில் பங்கு மண்டபத்துக்காரர் மாதிரிக் கறி மணக்கிறது என்று யன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போகமாட்டார். முன்கதவு பகலில் பூட்டியிருக்கும் என்பதால் நாங்கள் எல்லோரும், பட்டுச்சேலையும் கோட்டும் சூட்டுமாக, குப்பைத் தொட்டிகளைச் சுற்றிப் பின்வாசலால் போவோம். அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. மரியதாஸ் நினைத்திருக்கிறார்.

லூசியாவின் முதல் நன்மைக்கு ஒரு வருடம் இருக்கும்போதே குஸ்டரிடம் போய் மண்டபத்தைக் கேட்டார். கூடவே இன்னொன்றும் கேட்டார்: அன்றைக்கு மட்டும் முன்கதவைத் திறந்துவிட முடியுமா? குஸ்டர் சிரித்துவிட்டு, கதவுதானே, திறப்போம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அன்று பின்னேரம் மரியதாஸ் என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தபடி, "என்ர பிள்ளை முன்னாலை போகவேணும், ரவி. நீ அதை மட்டும் வடிவா எடுத்துத் தா, மிச்சத்தை விட்டாலும் பரவாயில்லை" என்றார்.

அந்த ஒரு வருடத்துக்குள் ஸ்பூலே உலகப் புகழ் அடைந்துவிட்டது.

எப்படி அடைந்தது என்று என்னைக் கேட்கவேண்டாம். லண்டனில் ஏதோ சஞ்சிகை எழுதியது என்றார்கள். பிறகு நூல்கட்டை படம் போட்ட தொப்பி வந்தது, பெனியன் வந்தது, சீடி வந்தது, ஆலை எண்ணெய் மணக்கிற வாசனைத் திரவியம் வந்தது. டோக்கியோவில் ஒரு ஸ்பூலே, சாவோ பாவுலோவில் ஒரு ஸ்பூலே. ரேத்தோ தலையை மொட்டை அடித்து, 'ஸ்தாபகர்' ஆனான்; ஆகவே நானும் இனி மரியாதையாக எழுதுகிறேன். குஸ்டருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மரியதாஸின் மனைவி பிலோமினா திங்கட்கிழமைகளில் அங்கே துப்புரவு வேலைக்குப் போகிறவர். அவரை மட்டும் மாற்றவில்லை. உலகப் புகழும் நிலத்தில் ஒட்டத்தான் செய்கிறது, யாராவது சுரண்டவேண்டும்.

விழாவுக்குச் சில கிழமைகள் இருக்க, ஸ்பூலேயின் கந்தோருக்கு வரும்படி மரியதாஸுக்கு அழைப்பு வந்தது. அவரும் பிலோமினாவும் போனார்கள். எந்த இடத்தில் நின்று படம் எடுக்கலாம் என்று பார்க்க நானும் போனேன்.

ரேத்தோ ஒரு கறுப்பு மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் அடையாளப் பேணல் பொறுப்பாளர் ஸொலிங்கர் அம்மையார். எங்களுக்குத் தண்ணீர் தந்தார்கள். தந்த கிளாஸிலும் நூல்கட்டைப் படம் இருந்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை முறிப்பது ஸ்பூலேயின் மதிப்புக்கு அழகல்ல என்று சட்டத்தரணி சொல்லிவிட்டாராம். ஆகவே விழா நடக்கலாம். ஆனால் ஸ்பூலேக்குள் நடக்கிற எதுவும் ஸ்பூலே அல்லாததாக இருக்கமுடியாது என்றார் அம்மையார். பலூன் கூடாது. கமரா கூடவே கூடாது. படம் எடுத்தால் அனுபவம் வெளியே போய்விடும். என் கையில் இருந்த கமராப் பையை, பேருந்தில் யாரோ விட்டுவிட்டுப் போன பையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

முன்கதவு திறப்பீர்களா என்று மரியதாஸ் கேட்டார். அவருக்கு வேண்டியது அதொன்றுதான்.

"ஸ்பூலேக்கு ஒரே ஒரு கதவுதான் இருக்கிறது" என்றார் அம்மையார். திங்கட்கிழமை தோறும் மற்றக் கதவால் போய் வருகிற பிலோமினா தன் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

அந்தக் கதவில் தெரிவு நடக்கும் என்றார்கள். வருகிறவர்களில் யார் உள்ளே போகலாம் என்று தெரிவாளர் முடிவு செய்வார். அழைப்பு அட்டை கொடுத்துக் கூப்பிட்ட சொந்தக்காரர்களுக்குமா என்று மரியதாஸ் கேட்டதும் ரேத்தோ உணர்ச்சிவசப்பட்டு எழும்பி நின்றார்.

"நாங்கள் முழு உலகத்துக்கும் திறந்தவர்கள். அதனால்தான் எல்லோரையும் உள்ளே விடமுடியாது. டோக்கியோக்காரர்கள் எங்களிடம் வந்து என்ன கேட்டார்கள், இசையையா? கதவைக் கேட்டார்கள். அங்கே திறந்த முதல் வாரம் ஒரு ஆளைக்கூட உள்ளே விடவில்லை. உள்ளே கட்டி முடிந்திருக்கவில்லை. எங்கள் வரலாற்றிலேயே மிகச் சிறந்த வாரம் அதுதான்."

தெரிவாளர் என்ன கேட்பார் என்று நான் கேட்டேன். ஒரே ஒரு கேள்விதான் என்றார் அம்மையார். ஏன் வந்தீர்கள்? அதற்குச் சரியான பதில் என்று ஒன்றில்லை. சொல்கிறவர் உண்மை சொல்கிறாரா என்று தெரிவாளர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். தீர்ப்புக்குக் காரணம் சொல்லமாட்டார்.

மரியதாஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளில் எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி முதலில் கேட்டதும் அந்தக் கேள்விதான்.

செய்தி ஊருக்குள் போனது. இராஜேந்திரன் அண்ணைதான் முதலில் விஷயத்தைப் பிடித்தார். அகதி விசாரணைக்குப் போகிற ஆட்களுக்கு எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று பழக்கி அனுப்புகிறவர் அவர். அவர்களில் பலர் வென்றிருக்கிறார்கள். அவருடைய சொந்த வழக்கு இன்னும் இழுபடுகிறது. மரியதாஸ் வீட்டு வரவேற்பறையில் கால்மேல் கால் போட்டு இருந்து, ஒவ்வொன்றாக எங்களிடம் கேட்டார். வாசலில் நிற்கிறவர்களுக்குக் கறுப்பு ஜக்கெற்றோ? ஓம். கையில் வோக்கிடோக்கியோ? ஓம். உள்ளே போகிறவர் கையில் நீல வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற முத்திரை குத்துவார்களோ? ஓம்.

"படம் எடுக்கக்கூடாது எண்டு வேற ஆர் சொல்லுவான்?" என்று முடித்தார். "இது டிஸ்கோவும் இல்லை, கிஸ்கோவும் இல்லை. வெளிநாட்டவர் பொலிஸ். கொழும்போடை ஒப்பந்தம் போட்டிட்டாங்கள், ஆக்களைத் திருப்பி அனுப்ப. வீடு வீடாத் தேடுறதிலும் பாக்க, ஒரு சாப்பாட்டு மேசையிலை எல்லாரையும் அள்ளுறது அவங்களுக்குச் சுகமெல்லோ."

எனக்கும் அது சரியென்றே பட்டது. இந்த நாட்டில் தன் வேலையாக இல்லாவிட்டால் ஒரு ஆள் இன்னொருவரை ஒன்றும் கேட்கமாட்டார். கேட்கிறார் என்றால் அவருக்கு அது வேலையாகத்தான் இருக்கவேண்டும். பிலோமினாவின் தம்பி பேர்சி, லூசேர்ன் ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறவன், அத்தானிடம் வேறு மண்டபம் பார்ப்போம் என்று கெஞ்சினான். மரியதாஸ் கேட்கவில்லை. பொலிஸாக இருந்தாலென்ன, வேறு யாராக இருந்தாலென்ன, முன்கதவைத் திறக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், லூசியா அதால்தான் போவாள் என்றார்.

ஆட்கள் பயந்து வராமல் விடுவார்கள் என்று நினைத்தோம். நடந்தது வேறு. வராமல் விட்டால்தான் சந்தேகம் வரும் என்று அண்ணை சொல்லிவிட்டதால் அழைத்தவர்கள் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். அழையாதவர்களும் தங்களை விட்டுவிடவேண்டாம் என்று டெலிபோன் எடுத்தார்கள்.

விழா நாள் நல்ல வெயில். கோயிலில் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரேமாதிரி அங்கிதான் போடவேண்டும் என்பது இங்கத்தைய பங்கின் சட்டம். பூசை முடிந்து வெளியே வந்த கையோடு பிலோமினா அங்கியைக் கழற்றி, பாரிஸிலிருந்து எடுப்பித்த வெள்ளைக் கவுனையும் முக்காட்டையும் மகளுக்குப் போட்டுவிட்டார். லூசியா மிகவும் வடிவாக இருந்தாள். மரியதாஸ் புது சூட் போட்டிருந்தார், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

ஸ்பூலே வாசலில் எங்கள் ஆட்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். இப்படி ஒரு வரிசையை அந்தக் கதவு கண்டிராது. முட்டி மோதல் இல்லை, சத்தம் இல்லை. கைகளில் பரிசுப் பொதியும் பிளாஸ்டிக் உறையும். உறைக்குள் வதிவிட அட்டை, சம்பளத் துண்டு, முதலாளி தந்த நற்சான்று, பிள்ளைகளின் பள்ளிக்கூட றிப்போர்ட், வைத்தியர் கடிதம். நாயோடு உலாவ வந்த சுவிஸ் கிழவர் ஒருவர் இங்கே என்ன விநியோகிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, தானும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

தெரிவாளரின் பெயர் ஒலிவியே. பிரெஞ்சு பேசுகிற நொஷாட்டல்காரர். கணுக்கால் வரை கறுப்பு மேலங்கி, வெயிலுக்கல்லாத கறுப்புக் கண்ணாடி, உயரமான முக்காலி. அவருக்கு ஜெர்மன் வராது, அல்லது வரவிடமாட்டார். நான் நொஷாட்டலில் இரண்டு வருடம் கோப்பை கழுவியவன் என்பதால் பிரெஞ்சு தெரியும். கமராவை வாசலில் பறித்து வைத்துக்கொண்டு என்னை மொழிபெயர்ப்பாளராக முக்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கணத்திலிருந்து வரிசையில் நின்ற ஒருவரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. விசாரணையில் மொழிபெயர்க்க வருகிற தமிழன் எந்தப் பக்கத்து ஆள் என்பது எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு.

முதல் ஆள் இராஜேந்திரன் அண்ணை. ஏன் வந்தீர்கள் என்றார் ஒலிவியே. நான் தமிழில் சொல்லி முடிக்குமுன் அண்ணை தொடங்கிவிட்டார். ஊரில் ஆமி வந்தது, தோட்டத்துக்குள் ஒளித்தது, கொழும்பில் லொட்ஜில் பிடித்தது, மொஸ்கோவில் பனிக்குள் கிடந்தது, லொறிக்குள் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் எல்லை கடந்தது. காற்சட்டையை உயர்த்திக் காலில் இருந்த தழும்பைக் காட்டினார். நான் ஒரு சொல் விடாமல் பெயர்த்தேன். ஒலிவியே கண்ணாடியைக் கழற்றினார். தன் வாழ்க்கையில் அந்தக் கதவில் இப்படி ஒரு உண்மையைக் கேட்டதில்லை என்று சொல்லி, உள்ளே போகும்படி கையைக் காட்டினார்.

அண்ணை அசையவில்லை. "இவ்வளவுதானோ? முடிவு கடிதத்திலை வருமோ?" என்று என்னிடம் கேட்டார். உள்ளே போங்கோ அண்ணை என்று தள்ளிவிட்டேன்.

அடுத்து வந்தவரும் ஆமியிலிருந்து தொடங்கினார். அவருக்கு அடுத்தவரும் தக்காளி லொறியில்தான் வந்தார். யார் என்ன சொல்லி வென்றார்கள் என்பது வரிசையின் கடைசி ஆள்வரை போய்விட்டது. முகாம்களில் எப்படிப் போகுமோ அப்படியே போனது. தகப்பன் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டு, விமானத்தில் சொக்கலேட் தின்றுகொண்டு வந்து இறங்கிய பெடியனும் காற்சட்டையை உயர்த்தினான். ஒலிவியேயின் முகம் மாறியது. எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள், நம்பத்தகுந்ததாக இல்லை என்று கையை மறுபக்கம் காட்டத் தொடங்கினார்.

மறுக்கப்பட்டவர்கள் கோபிக்கவில்லை. காரணத்தை எழுத்தில் தரமுடியுமா, மேன்முறையீடு செய்ய எவ்வளவு அவகாசம் என்று பணிவாகக் கேட்டார்கள். மேன்முறையீடு என்பது ஒலிவியே கேள்விப்படாத விஷயம். வோக்கிடோக்கியில் ஸொலிங்கர் அம்மையாரைக் கேட்டார். மறுபக்கத்திலிருந்து அம்மையாரின் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது: அருமையான யோசனை, யாருடையது?

தனலட்சுமி அக்காவுக்குப் பொய் வராது. எதற்கு வந்தீர்கள் என்றதற்கு, சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையை வாழ்த்திப் போக என்றார். ஒலிவியே வெகு நேரம் அவரைப் பார்த்தார். பிறகு, சாதாரணம் என்று ஒரு சொல் சொல்லி மறுத்தார். எனக்கு அந்த மனிதரை முக்காலியோடு ஆற்றில் தள்ளவேண்டும்போல் இருந்தது. நான் மொழிபெயர்ப்பாளன், பெயர்த்துச் சொன்னேன்.

இதெல்லாம் நடக்கும்போது பேர்சி பின்பக்கத்தில் வானிலிருந்து சாப்பாடு இறக்கிக்கொண்டிருந்தான். ஒப்பந்தத்தில் சாப்பாட்டுக்குத் தெரிவு இல்லை. குசினி ஏப்ரன் கட்டியிருந்ததால் பின்வாசலில் நின்ற காவல்காரன் அவனுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த நாட்டில் ஏப்ரன் கட்டின தமிழனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. தனலட்சுமி அக்கா அழுதுகொண்டு அந்தப் பக்கம் வந்தபோது பேர்சி ஒரு ஏப்ரனைக் கழுத்தில் மாட்டி, கையில் சம்பல் கிண்ணத்தைக் கொடுத்தான். காவல்காரன் அவருக்கும் கதவைப் பிடித்தான்.

அதற்குப் பிறகு மறுக்கப்பட்ட ஒவ்வொருவரும் கட்டடத்தைச் சுற்றி வந்தார்கள். ஏப்ரன் முடிந்ததும் சோற்றுப்பானை மூடி கொடுத்தான், அதுவும் முடிந்ததும் வாளி, கூட்டுகிற தும்புத்தடி, பன்ரா போத்தல் பெட்டி. சரிகை வேட்டியும் சால்வையுமாக வந்த உருத்திரமூர்த்தி அண்ணைக்குக் கிடைத்தது ஒரு கட்டு மலசலகூடத் தாள். உள்ளே நின்ற இரண்டாவது காவல்காரன் அவரைக் கண்டதும், நல்லவேளை வந்தாய், பெண்கள் பக்கத்தில் முடிந்துவிட்டது என்றான். ஊரில் கூப்பன் கடை மனேஜராக இருந்த மனிதர், ஒரு அறை விடாமல் போய் வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்குள் வந்தார்.

முன்வாசலில் வரிசை கரைந்து, கடைசியில் மூன்று பேர் மட்டும் நின்றார்கள். நடுவில் லூசியா.

ஒலிவியே கேட்டார். மரியதாஸ் என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் இஞ்சை வேலை செய்த காலம் முழுக்கப் பின்னாலைதான் வந்தனான். என்ர மனிசி இப்பவும் பின்னாலைதான் வாறா. என்ர பிள்ளை இதாலை போகவேணும். அதுக்குத்தான் வந்தனாங்கள்."

நான் பெயர்த்தேன். என்னால் முடிந்தவரை நல்ல பிரெஞ்சில் பெயர்த்தேன். ஒலிவியே மூவரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிள்ளை சரி என்றார். வெள்ளை உடுப்பு, இந்த இடத்துக்குத் துணிச்சலான தெரிவு. பெற்றோர் இருவரும் இல்லை. அந்த மனிதர் வழமையாகக் காரணம் சொல்வதில்லை, அன்றைக்குச் சொன்னார்: "இவர் இந்தக் கதவை அதிகம் விரும்புகிறார். விரும்புகிறவர்களை உள்ளே விட்டால் பிறகு கதவுக்கு என்ன மதிப்பு?"

அதை எப்படித் தமிழில் சொல்வதென்று நான் திணறினேன். மரியதாஸ் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மகளின் முக்காட்டைச் சரிசெய்து, போ அம்மா என்றார். நீங்கள் வரவில்லையோ என்று அவள் கேட்டாள். வாறம், நீ முன்னாலை போ என்றார். லூசியா ஒருமுறை தாயைப் பார்த்துவிட்டுப் போனாள். பித்தளைக் கைபிடி அவளுடைய தலைக்கு மேலே இருந்தது. யாரோ உள்ளேயிருந்து திறந்துவிட்டார்கள். மரியதாஸ் கதவு மூடும்வரை கண்ணை எடுக்கவில்லை. அந்த முகத்தை எடுக்க என்னிடம் கமரா இல்லாமல் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிலோமினா அதிகம் நிற்கவில்லை. பிள்ளை தனியாக நிற்கும், வாங்கோ என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். வழி அவருக்குப் பாடம். மரியதாஸும் நானும் பின்னால் போனோம். பேர்சி தான் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி அத்தானிடம் நீட்டினான். மரியதாஸ் அதை வாங்கிப் புது சூட்டுக்கு மேல் கட்டினார். அவர் அழுதார் என்று சொல்லமாட்டேன். மூக்கைத் துடைத்தார், ஏப்ரன் அதற்கும் உதவியது.

முன்கதவுக்குள்ளே நீளமான ஒரு நடைபாதை, முழுக்கப் புகை அடித்து வைத்திருப்பார்கள். அதைத் தாண்டி லூசியா மண்டபத்துக்கு வந்தபோது, தாயும் தகப்பனும் சொந்தக்காரர் எல்லோரும் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். இராஜேந்திரன் அண்ணை மட்டும் ஒரு மூலையில் கதிரையில் இருந்து தன் முடிவுக்காகக் காத்திருந்தார். பேர்சி எங்கேயோ ஒரு வயரைச் செருகினான், பைலாப் பாட்டு வந்தது. கேக் வெட்டினார்கள். சோறு பரிமாறினார்கள். உலகப் புகழ்பெற்ற அந்த நிலத்தில் தனலட்சுமி அக்கா ஆடினார்.

ரேத்தோவும் அம்மையாரும் ஒலிவியேயைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். வெறும் மண்டபத்தில் ஒரு சிறுமி தனியாக நிற்பதை எதிர்பார்த்து வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது அவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கும். வாசலில் நின்று ஆட்களைப் பார்த்தார்கள், ஒலிவியேயைப் பார்த்தார்கள். இவ்வளவு பேரையும் நீயா விட்டாய் என்று ரேத்தோ கேட்டார். தெரிவாளர் தன் தெரிவில் பிழை வந்ததாக எப்படிச் சொல்வார்? ஒவ்வொருவராகப் பார்த்து எடுத்தேன் என்றார். உடனே ரேத்தோ பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த மகிழ்ச்சியைப் பாருங்கள். எல்லோரையும் உள்ளே விட்டிருந்தால் இது வருமா? தகுதி இல்லாதவர்களை வெளியே நிறுத்தியதால்தான் உங்களால் இப்படிச் சிரிக்க முடிகிறது. நீங்கள் எனக்கு நன்றி சொல்லவேண்டாம். கதவுக்குச் சொல்லுங்கள்."

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். மைக் பிடித்த யாருக்கும் தட்டுவது எங்கள் வழக்கம். ஸொலிங்கர் அம்மையாருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. மிச்சத் தாளைக் கக்கத்தில் வைத்தபடி வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த உருத்திரமூர்த்தி அண்ணையிடம், நீங்கள் எதால் வந்தீர்கள் என்று கேட்டார். அண்ணை நேர்மையானவர், குசினிப் பக்கம் கையைக் காட்டினார். அம்மையார் அந்தப் பக்கம் போனார். போனவர் நெடுநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று, பின்வாசலைத் தேவாலயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டோம் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இலையுதிர் காலத்தில் விஷயம் வெளியே வந்தது. ஸ்பூலே உலகம் முழுவதும் 'பின்வாசல்' என்ற புதிய அனுபவத்தை அறிமுகப்படுத்தியது. முன்கதவால் போகிறவர்கள் பழைய காலத்து ஆட்களாம். உண்மையான ரசிகர்கள் ஏப்ரன் கட்டி, வாளி தூக்கி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி வருவார்களாம். ஏப்ரனில் நூல்கட்டை பொறித்து விற்றார்கள். டோக்கியோவில் குப்பை போதாமல் வெளியிலிருந்து எடுப்பித்தார்கள் என்று பேர்சி சொன்னான். அவன் சொல்வதில் பாதியை நம்பலாம். ஒலிவியேயின் முக்காலி பின்பக்கம் போனது. மறுக்கப்பட்டவர்களுக்கு மேன்முறையீடும் வைத்தார்கள், அதையும் அங்கேயே மறுத்தார்கள்.

இராஜேந்திரன் அண்ணைக்கு ஒரு கடிதமும் வரவில்லை. வராதபடியால், இது பெரிய இடத்துக்குப் போயிருக்கிறது என்று முடிவுக்கு வந்து, தபால்காரரைக் கண்டால் வேறு தெருவால் நடக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் பிலோமினாவுக்கு மேற்பார்வையாளர் புது ஒழுங்கைச் சொன்னார். துப்புரவுக்கு வருகிறவர்களும் சாமான் கொண்டுவருகிறவர்களும் இனிமேல் பின்வாசலைப் பாவிக்கக்கூடாது. அங்கே அவர்கள் நின்றால் வாடிக்கையாளர்களின் அனுபவம் குழம்புகிறது. அவர்கள் எல்லோரும் முன்கதவால் வரட்டும்.

மரியதாஸ் இதை நம்பவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் அந்த சூட்டைப் போட்டுக்கொண்டு மனைவியோடு கிளம்பினார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார். கதவு அகலத் திறந்து கிடந்தது. காவல் இல்லை, முக்காலி இல்லை. பித்தளைக் கைபிடி மங்கிப் போயிருந்தது, கதவு அடிபடாமல் இருக்க யாரோ ஒரு வாளியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மரியதாஸ் படிக்கு முன்னால் நின்றார். ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார்.

"இந்தக் கதவையும் எங்களுக்குத் தந்திட்டாங்கள் எண்டால், ரவி, உள்ளுக்கை இனி ஒண்டும் மிச்சமில்லை எண்டுதான் அர்த்தம்" என்றார்.

பிலோமினா தும்புத்தடியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"கூட்டுறதுக்கு வேண்டிய மட்டும் கிடக்குது. வழியை விடுங்கோ."